போப்பும் கல்லறைக் கதையும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அடுத்த ஒரு தெருமுனையில் நமது கூட்டம் ஒன்று நடந்தது. கூட்டம் பெரியது என்று சொல்லுவதற்கில்லை. ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள், வண்டியை நிறுத்திவிட்டு ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டவர்கள், எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரையும் சேர்த்தால் நூற்றைம்பது பேர் இருக்கலாம். நாம் வழக்கம்போல் ஸ்தல புராணங்களைப் பற்றிப் பேசினோம். பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரத்திற்கு நாள்தோறும் ஒருவர் புஷ்பக் கூடையைச் சுமந்துகொண்டு நடந்தார் என்றும், அவருக்கு வயதாகி நடக்க முடியாமல் போனவுடன் பெருமாளே புறப்பட்டுப் பூந்தமல்லிக்கு வந்து தரிசனம் கொடுத்தார் என்றும் சொல்லுகிறார்களே, போக முப்பது மைல் வர முப்பது மைல் ஆகுமே, இதைக் கண்ணால் பார்த்த சாட்சி யார், எழுதி வைத்த ஆதாரம் எங்கே என்று கேட்டோம். ஜனங்கள் சிரித்தார்கள். நமக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

அந்த உற்சாகத்திலேயே, தமிழனுக்குத் தன் மொழியின் பெருமை தெரியவில்லை, வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்காக, ஜி.யு. போப் என்ற பாதிரியாரின் கல்லறையைப் பற்றிச் சொன்னோம். அவர் சாகும்போது, தம் கல்லறையின்மேல் “இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்” என்று பொறிக்க வேண்டும் என்றும், கல்லறைச் செலவில் ஒரு பங்காவது தமிழர்கள் கொடுத்த காசாக இருக்க வேண்டும் என்றும், தம்மோடு பைபிளையும் திருக்குறளையும் சேர்த்துப் புதைக்க வேண்டும் என்றும் எழுதி வைத்துவிட்டுப் போனார் என்று சொன்னோம். கைதட்டல் பலமாக இருந்தது.

கைதட்டல் அடங்கியதும் ஒரு வாலிபர் கையைத் தூக்கினார். தொழிற்பேட்டையில் லேத்தில் வேலை செய்கிறவர் என்று பிறகு தெரிந்துகொண்டோம். “ஐயா, பூக்கூடைக்காரர் கதைக்குச் சாட்சி கேட்டீங்க, சரி. இந்தக் கல்லறைக் கல்லை நீங்க பார்த்திருக்கீங்களா? பார்த்தவங்க யாரையாவது கேட்டிருக்கீங்களா?” என்று கேட்டார்.

நாம் பார்த்ததில்லை, பார்த்தவரைக் கேட்டதும் இல்லை. இருபது வருஷத்திற்கு முன் ஆவடியில் ஒரு மேடையில் ஒரு பெரியவர் சொல்லக் கேட்டோம். கேட்ட அன்றே கண்ணில் நீர் வந்தது. அன்று முதல் நாமும் சொல்லிக்கொண்டு வருகிறோம். எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்போம் என்று கணக்கில்லை. இந்தப் பத்திரிகையின் பக்கங்களிலேயே இரண்டு மூன்று தடவை வந்திருக்கும். பக்தர்கள் ஸ்தல புராணத்தைச் சொல்லுகிற முறைக்கும் நாம் இதைச் சொன்ன முறைக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றிரவு யோசித்துப் பார்த்தோம். அவர்களுக்காவது ஆயிரம் வருஷத்துப் பழக்கம் என்ற சாக்கு இருக்கிறது. நமக்கு அதுவும் இல்லை.

ஆகவே விசாரிக்கத் தொடங்கினோம். விசாரித்ததில் அந்த ஒரு கல்லைப் பற்றி மட்டுமல்லாமல் அந்த மனிதரைப் பற்றியே நமக்கு இருந்த பல அபிப்பிராயங்களைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அதை வாசகர்களிடம் மறைப்பது யோக்கியமல்ல என்பதனாலேயே இந்த வாரம் இதை எழுதுகிறோம்.

முதலாவது, பேரைப் பற்றி ஒரு சிறு சங்கதி. கிராமங்களில் போப் என்று சொன்னவுடன் ரோமாபுரியிலுள்ள போப்பாண்டவர்தானே என்று கேட்கிறார்கள். இல்லை. போப் என்பது அவருடைய தகப்பனார் வழி வந்த குடும்பப் பேர். அந்தக் காலத்துத் தமிழர்கள் அவரைப் போப்பையர் என்று அழைத்தார்கள். அதைக் கேட்டு அவர் அக்கிரகாரத்துக்காரரோ என்று நினைக்கவும் வேண்டாம். பாதிரிமார்களை ஐயர் என்பது அப்போதைய வழக்கம். ஒரே மனிதருக்கு ரோமாபுரியும் அக்கிரகாரமும் சொந்தங் கொண்டாட இடம் கொடுக்கும் இந்தப் பேரை வைத்துக்கொண்டு அவர் எப்படித்தான் காலந்தள்ளினாரோ!

அவர் 1820-ம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி பிறந்தார். பிறந்த இடம் இங்கிலாந்தல்ல. இன்று கனடாவைச் சேர்ந்ததாயிருக்கும் பிரின்ஸ் எட்வர்டு தீவு. தகப்பனார் வியாபாரி. கார்ன்வால் பகுதியிலிருந்து கடல் தாண்டிப் பிழைக்கப் போன குடும்பம் அது. 1826-ல் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிப் பிளிமத் துறைமுகத்தில் குடியேறியது. வெஸ்லி சபைப் பள்ளிக்கூடங்களில் படித்தார். பாலியத்திலேயே தமிழைக் கற்க ஆரம்பித்து, 1839-ல், அதாவது பத்தொன்பது வயதில், மதப் பிரசாரத்திற்காக இந்த நாட்டிற்கு வந்தார். சென்னையில் இராமாநுச கவிராயரிடம் தமிழ் படித்தார். பிறகு வெஸ்லி சபையை விட்டு ஆங்கிலச் சபையில் சேர்ந்து, 1843-லும் 1845-லும் குருப்பட்டங்கள் பெற்றார். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் சாயர்புரத்தில் போதகர்களையும் உபாத்தியாயர்களையும் தயார் செய்யும் பள்ளி ஒன்றை நடத்தினார். அந்த ஊரில் இன்றும் அவர் பேரால் கல்லூரி இருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றை மூடி மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் இங்கே வந்தது தமிழுக்காக அல்ல. நம்மை அவருடைய மதத்திற்கு இழுப்பதற்காக வந்தார். தமிழ் அதற்குக் கருவி. மண்வெட்டியை வாங்குகிறவன் மண்ணை வெட்டத்தான் வாங்குகிறான். ஆனால் சிலருக்குக் கருவியின்மேலேயே மனம் போய்விடுகிறது. போப்பின் விஷயத்தில் அதுதான் நடந்தது; ஒரே நாளில் அல்ல, அறுபது வருஷத்தில்.

சாயர்புரத்திற்குப் பிறகு இரண்டு வருஷம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு, 1851-ல் தஞ்சாவூருக்கு வந்தார். அவருடைய வாழ்க்கையில் நமக்கு மிகவும் முக்கியமான பகுதி இதுதான் என்பது நமது அபிப்பிராயம். மேடைகளில் இதை யாரும் சொல்லுவதில்லை. நாமும் சொன்னதில்லை, தெரிந்தால்தானே சொல்லுவதற்கு!

தஞ்சாவூர்ப் பகுதியில் நூற்றைம்பது வருஷத்திற்கு முன்பே கிறிஸ்தவர்களானவர்களில் பலர், சாமியை மாற்றிக்கொண்டார்களே தவிர ஜாதியை மாற்றிக்கொள்ளவில்லை. கோயிலுக்குள் ஒரு ஜாதிக்கு ஒரு பக்கம், மற்ற ஜாதிக்கு மற்றப் பக்கம். நற்கருணை என்று சொல்லி ஒரே பாத்திரத்தில் எல்லோரும் பருகுகிற சடங்கில்கூட, மேல் ஜாதிக்காரன் பருகிய பிறகுதான் கீழ் ஜாதிக்காரன் பருக வேண்டும். மாட்டுக்கறி தின்கிறவன் வாய் வைத்ததில் நாங்கள் வாய் வைப்போமா என்று கேட்கிற கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். கடவுளின் இரத்தம் என்று நம்பிக்கொண்டே, அதிலும் தீட்டுப் பார்த்தார்கள்! கல்கத்தாவிலிருந்த டேனியல் வில்சன் என்ற பிஷப் 1833-ல், ஜாதியை உடனே அடியோடு விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெருங் கலகம் ஏற்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். உத்தரவு கடுதாசியில் நின்றது.

இந்த நெருப்புக்குள்தான் போப் காலை வைத்தார். ஜாதியை விடாதவனுக்குச் சபையில் இடமில்லை என்று பிடிவாதமாக நின்றார். ஜாதியை விட மனமில்லாதவர்கள் என்ன செய்தார்கள்? பக்கத்தில் தரங்கம்பாடியில் ஜெர்மானியர்களுடைய லுத்தரன் சபை இருந்தது. ஜாதி என்பது நாட்டு வழக்கம், அதை மெள்ள மெள்ளத்தான் போக்க வேண்டும் என்பது அந்தச் சபையின் கொள்கை. கூட்டங்கூட்டமாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 1853-ல் போப் அந்த லுத்தரன் பாதிரிகளைக் கண்டித்து ஒரு துண்டுப் புஸ்தகம் வெளியிட்டார். முடிவு என்ன? ஜாதி நின்றது, போப் போனார். தஞ்சாவூரில் அவருக்கு இருந்த எதிர்ப்பில் அவர் நிலைக்க முடியாமல், நீலகிரிக்குப் போக வேண்டியதாயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஜெர்மன் மிஷனின் தலைவராக இருந்து, ஜாதி விஷயத்தில் நிதானம் வேண்டும் என்று வாதாடிய கார்ல் கிரவுல் என்பவரும் பெரிய தமிழ் வித்துவான். 1856-ல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தவர். லத்தீன் மொழியிலும் மொழிபெயர்த்தவர். ஆக, ஜாதிக்கு இடங்கொடுத்த பாதிரியும் குறளை மொழிபெயர்த்தார். ஜாதிக்கு இடங்கொடுக்காத பாதிரியும் குறளை மொழிபெயர்த்தார். குறளைப் படித்துவிட்டால் ஜாதிப் புத்தி போய்விடும் என்று நம்மில் சில தோழர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.

நீலகிரியில் உதகமண்டலத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் ஏற்படுத்தி 1870 வரையில் அதன் தலைமை உபாத்தியாயராக இருந்தார். மிகவும் கண்டிப்பானவர், பிள்ளைகள் அவரிடம் நடுங்கினார்கள். பிறகு பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளிக்கூடத்தின் தலைவராக இருந்தார். இந்த முப்பது வருஷ காலத்தில் தமிழ் இலக்கணப் புஸ்தகங்கள், தமிழ் கற்கிற அந்நியர்களுக்கான பாடப் புஸ்தகங்கள், இந்திய சரித்திரம் ஒன்று, இவைகளை எழுதினார். 1864-ல் கான்டர்பரி ஆர்ச் பிஷப் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தார். பள்ளிக்கூட வாத்தியார் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1880-களின் ஆரம்பத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

அறுபது வயது தாண்டியவர் ஊருக்குத் திரும்பினால் என்ன செய்வார்? நம் நாட்டில் என்றால் காசிக்குப் போவார், அல்லது திண்ணையில் உட்கார்ந்து மருமகளைக் குறை சொல்லுவார். போப் 1884-ல், தம்முடைய அறுபத்து நாலாவது வயதில், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுக்கும் உபாத்தியாயராகச் சேர்ந்தார். பேலியல் கல்லூரியில் 1888 முதல் குருவாகவும் இருந்தார்.

ஆக்ஸ்போர்டு என்றவுடனே நம்மவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். அது என்ன இடம் என்று கொஞ்சம் பார்ப்போம். 1871-ல் பார்லிமெண்டு சட்டம் செய்கிற வரையில், ஆங்கிலச் சபையைச் சேராதவன் அங்கே எம்.ஏ. பட்டம் வாங்க முடியாது. கல்லூரி மானியத்தில் பங்கு பெற முடியாது. 39 மத விதிகளுக்குக் கையெழுத்துப் போட்டால்தான் அந்தப் பட்டம் கிடைக்கும். நம் ஊர் மடத்தில் தீக்ஷை வாங்கினால்தான் சாப்பாடு என்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. சமஸ்கிருதத்திற்கு அங்கே ஒரு பீடம் இருக்கிறது. போடன் என்ற ஒரு கம்பெனிப் பட்டாள கர்னல் விட்டுப்போன சுமார் 25,000 பவுன் சொத்தில் 1832-ல் ஏற்பட்டது. எதற்காகத் தெரியுமா? இந்தியர்களைக் கிறிஸ்தவர்களாக்குவதற்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் அந்தக் கர்னல் எழுதி வைத்தார். 1860-ல் அந்தப் பீடத்திற்கு ஆள் தேர்ந்தெடுத்தபோது மாக்ஸ் முல்லருக்கு 610 ஓட்டும், மானியர் வில்லியம்ஸுக்கு 833 ஓட்டும் கிடைத்தன. வித்தையில் பேர் பெற்றிருந்தவர் முல்லர். ஆனால் மத விஷயத்தில் அவர் நம்பத் தகுந்தவரல்ல என்று சந்தேகப்பட்ட பாதிரி ஓட்டர்கள் ஊர் ஊராக இருந்து ரயிலேறி வந்து அவரைத் தோற்கடித்தார்கள்.

சமஸ்கிருதத்திற்கு இப்படிச் சொத்தும் பீடமும் தேர்தலும் இருந்தபோது, தமிழுக்கு என்ன இருந்தது? ஓர் உபாத்தியாயர் உத்தியோகம். அதுவும் தமிழின் பெருமைக்காக அல்ல. ஐ.சி.எஸ். பரீக்ஷையில் தேறிச் சென்னை மாகாணத்திற்குக் கலெக்டராக வரப்போகிற வெள்ளைக்கார வாலிபர்கள், நம்மிடம் வரி வசூலிப்பதற்கும் நம்மை விசாரித்துத் தண்டனை போடுவதற்கும் வேண்டிய அளவு தமிழ் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. போப்பின் வேலை அவர்களைத் தயார் செய்வதுதான். இதைச் சொல்லாமல் ஆக்ஸ்போர்டில் தமிழ் சிம்மாசனம் ஏறியது என்று பேசுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளுவதாகும்.

ஆனால் அதே ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரித் தலைவராக ஜோவெட் என்று ஒருவர் இருந்தார். அவரும் பாதிரிதான். பைபிளையும் மற்றப் புஸ்தகங்களைப் போலவே அறிவைக்கொண்டு ஆராய்ந்து படிக்க வேண்டும் என்று 1860-ல் எழுதியதற்காக மத விரோதி என்று தூற்றப்பட்டவர். அவர் கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்த காலத்தில் அவருடைய சம்பளத்தை உயர்த்தவிடாமல், வருஷத்திற்கு 40 பவுன் என்று பத்து வருஷம் வைத்திருந்தார்கள். 1865-ல்தான் அதை 500 பவுனாக ஆக்கினார்கள். மதவாதிகளுக்கு அறிவாளியின் வாயை அடைக்க முடியாவிட்டால் வயிற்றைக் கட்டத் தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த ஜோவெட்தான் போப்புக்குப் பெரிய துணையாக இருந்தார்.

போப் 1886-ல் திருக்குறள் முழுவதையும் இங்கிலீஷ் பாட்டாகச் செய்து வெளியிட்டார். அவருக்கு முன் லத்தீனில் எழுதிய பெஸ்கி என்ற வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டும் எழுதி, காமத்துப்பாலை விட்டுவிட்டார். சந்நியாசிக்கு அது ஆகாது போலும். 1840-ல் துரு என்ற பாதிரி தொடங்கிய மொழிபெயர்ப்பு 63 அதிகாரத்தோடு நின்றது. போப்பும் காமத்துப்பாலை வெகுகாலம் தொடாமலே இருந்தாராம். கெட்ட எண்ணம் வைத்திருந்ததால் பல வருஷம் படிக்காமல் விட்டேன் என்று தம் முகவுரையிலேயே ஒப்புக்கொள்ளுகிறார். பிறகு படித்துப் பார்த்து, இதில் அசிங்கம் ஒன்றுமில்லை என்று கண்டு, 1330-ஐயும் கொண்டுவந்தார். தாம் நினைத்தது தப்பு என்று ஒரு பாதிரியார், அதுவும் அச்சில், சொல்லுவது சாதாரண காரியமல்ல.

அதே புஸ்தகத்தில் அவர் செய்த வேறொரு காரியத்தை நாம் ஏற்க முடியாது. வள்ளுவர் கி.பி. 800-க்குப் பிறகு இருந்தவர் என்று வைத்துக்கொண்டு, அவர் மயிலாப்பூர்க்காரர் என்று சொல்லுகிறார்களே, மயிலாப்பூரில் அப்போது கிறிஸ்தவர்கள் இருந்தார்களே, ஆகையால் அவர் கடற்கரையில் கிறிஸ்தவ போதகர்களோடு உலாவி அவர்களுடைய உபதேசத்தைக் கேட்டுத்தான் குறளை எழுதியிருப்பார் என்று போப் ஒரு சித்திரம் எழுதிக் காட்டினார். மணிமேகலையில் குறள் எடுத்தாளப்பட்டிருக்கிறது. அதற்கும் முந்திய நூலை எட்டாம் நூற்றாண்டுக்குப் பிந்தியது என்று எப்படிச் சொல்லுவது? வள்ளுவர் மயிலாப்பூர்க்காரர் என்பதே கதை. அந்தக் கதையின்மேல் கட்டியது இந்தக் கடற்கரை உலாவல். ஜைனன் வந்து வள்ளுவர் எங்கள் ஆள் என்கிறான். சைவன் வந்து விபூதி பூசுகிறான். இந்தக் காலத்தில் காவி கட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வரிசையில் போப்பும் சிலுவையை எடுத்துக்கொண்டு நின்றார். அவ்வளவு படித்தவருக்கு, தமக்கு வேண்டிய முடிவு என்று வந்தபோது ஆதாரம் கேட்கத் தோன்றவில்லை.

1893-ல் நாலடியார் வெளிவந்தது. திருவாசகத்தைத் தொடங்கலாமா என்று யோசித்தபோது அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இதை முடிக்க என் ஆயுள் போதுமா என்று ஓர் இரவில் ஜோவெட்டிடம் கேட்டிருக்கிறார். கையில் பெரிய வேலை ஒன்று இருந்தால் அதுவே ஆயுளைக் கொடுக்கும், முடிக்கிற வரையில் இருப்பீர் என்ற பொருளில் அவர் பதில் சொன்னாராம். ஜோவெட் 1893-ல் இறந்துபோனார். போப் 1900-ம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி, தமது எண்பதாவது பிறந்த நாளில், திருவாசகத்திற்கு முகவுரை எழுதி, அதில் இந்தச் சங்கதியையும் எழுதியிருக்கிறார். 1906-ல் ராயல் ஏஷியாட்டிக் சங்கத்தார் தங்க மெடல் கொடுத்தார்கள். 1908-ம் வருஷம் பிப்ரவரி 11-ந் தேதி ஆக்ஸ்போர்டில் இறந்தார்.

திருவாசகத்தில் உள்ள பக்தி நமக்கு உடன்பாடல்ல என்பது வாசகர்களுக்குத் தெரியும். போப்புக்கும் அந்தச் சாமி சொந்தச் சாமியல்ல. தன் மதமல்லாத மதத்தின் புஸ்தகத்திற்கு ஒரு மனிதன் தள்ளாத வயதில் இத்தனை உழைப்பைக் கொடுத்தான் என்பதை மட்டும் நாம் குறித்துக்கொள்ளுகிறோம். நம்மில் எத்தனை பேர் நாம் எதிர்க்கிற புஸ்தகத்தை ஆதிமுதல் அந்தம் வரை ஒரு தடவையாவது படித்திருக்கிறோம்? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நாம் இதைக் கேட்பதில் நமக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறோம்.

நிற்க. கல்லுக்கு வருவோம். ஆக்ஸ்போர்டில் செயின்ட் செபுல்கர் என்ற கல்லறைத் தோட்டத்தில் போப்பைப் புதைத்திருக்கிறார்கள். ஜோவெட்டின் சமாதியும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறது. போப்பின் கல்லைப் படம் பிடித்து வெளியிட்டிருக்கிறார்கள். அதில் பொறித்திருப்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தென்னிந்தியாவைச் சேர்ந்த போப் என்றும், சர்வகலாசாலையில் தமிழ், தெலுங்கு போதித்தவர், பேலியல் கல்லூரியின் குரு என்றும், பிறந்த தேதி, இறந்த தேதியும் இருக்கின்றன. கீழைநாட்டு இலக்கியத்திற்காகவும் தத்துவத்திற்காகவும் ஆயுள் முழுவதும் உழைத்ததைப் போற்றி, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் இந்தக் கல்லை வைத்தார்கள் என்றும் இருக்கிறது. நாம் சொன்ன “தமிழ் மாணவன்” என்ற வாசகம் அதில் இல்லை.

தமிழர்கள் பணம் கொடுத்தார்கள் என்ற அளவில் கதையில் உண்மை இருக்கிறது. அதைச் சுற்றி மற்றவைகளை வளர்த்துவிட்டோம். பைபிளும் குறளும் பெட்டிக்குள் வைத்தார்கள் என்கிறவர்கள் அதற்கு மரண சாசனத்தை எடுத்துக் காட்டட்டும். காட்டுகிற வரையில், பெருமாள் பூந்தமல்லிக்கு வந்த கதை எந்த அலமாரியில் இருக்கிறதோ அந்த அலமாரியிலேயே இதையும் வைக்க வேண்டியதுதான்.

இதைத் தெரிந்துகொண்டு ஒரு பழைய தோழரிடம் சொன்னோம். நம்மைவிட வயதில் மூத்தவர். நம்மைத் தம்பி என்று அழைக்கிறவர். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “தம்பி, இதை எதுக்குக் கிளப்புறே? அந்தக் கதையால யாருக்கு நஷ்டம்? நாலு பேர் தமிழ் படிக்கிறான். எதிரிக்குக் கம்பு எடுத்துக் கொடுக்காதே” என்றார். அவர் நல்லவர், இயக்கத்திற்காக அடிபட்டவர். ஆனாலும் இந்த வார்த்தையை நாம் இதற்கு முன் எங்கே கேட்டிருக்கிறோம் என்று யோசித்தோம். கோயில் தர்மகர்த்தாவிடம் கேட்டிருக்கிறோம். கதை பொய்யாகவே இருக்கட்டுமே, ஜனங்களுக்குப் பயமும் பக்தியும் வருகிறதே, அதனால் யாருக்கு நஷ்டம் என்று அவர்தான் கேட்பார்.

நஷ்டம் யாருக்கு என்றால், முதலில் போப்புக்கே நஷ்டம். தஞ்சாவூரில் ஜாதியை எதிர்த்து நின்று தோற்ற மனிதரை நாம் மறந்துவிட்டு, வெறும் கல்லறை வாசகமாக்கிவிட்டோம். எண்பது வயதில் முடித்த உழைப்பைச் சொல்லாமல், கண்ணீர் வருகிற ஒரு வரியைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினோம். இரண்டாவது, நமக்கு நஷ்டம். வெள்ளைக்காரன் மெச்சினான் என்றால்தான் தமிழுக்கு மரியாதை என்ற எண்ணம் அந்தக் கதைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. தமிழ் நல்ல மொழியாக இருந்தால் போப் பிறக்காவிட்டாலும் அது நல்ல மொழிதான். மூன்றாவது, அந்த லேத்துக்கார வாலிபருக்கு நஷ்டம். அவர் சாட்சி கேட்கக் கற்றுக்கொண்டது நம்மைப் போன்றவர்கள் பேசியதைக் கேட்டுத்தான். அவரிடம் நாமே, இந்த ஒரு கதைக்கு மட்டும் சாட்சி கேட்காதே என்று சொன்னால், அடுத்த தடவை அவர் நம் கூட்டத்தில் ஏன் நிற்க வேண்டும்? நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாமே!

எதிரிகள் இதை வைத்துக்கொண்டு நம்மைக் கேலி செய்வார்கள் என்பது உண்மைதான். செய்யட்டும். பகுத்தறிவுக்காரனே தன் பொய்யை ஒப்புக்கொண்டான் என்று எழுதுவார்கள். நாம் ஒப்புக்கொண்டதை மட்டும் எழுதாமல், அவர்களுடைய ஸ்தல புராணத்தில் ஒன்றையாவது அவர்களும் இப்படி விசாரித்து எழுதினால் அதையும் இந்தப் பத்திரிகையில் இலவசமாகப் பிரசுரிக்கத் தயாராக இருக்கிறோம்.

மெரினா கடற்கரையில் 1968-ல் உலகத் தமிழ் மகாநாட்டின்போது வைத்த போப்பின் சிலை இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பஸ் ஏறிப் போகிறவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். இனிமேல் பிள்ளைகளை அழைத்துப் போகிற தோழர்கள், கல்லறைக் கதையை விட்டுவிட்டு, தஞ்சாவூரில் நடந்ததைச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். கடற்கரை உலாவலையும் சேர்த்தே சொல்லட்டும். அவர் எழுதியதில் எது சரி, எது தப்பு என்று பிள்ளைகளே பிரித்துக்கொள்ளுவார்கள்.

நம்முடைய பழைய இதழ்களை வைத்திருக்கும் வாசகர்கள், அந்தக் கதை வந்துள்ள பக்கத்தில் “தவறு” என்று பேனாவினால் எழுதி வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அம்பத்தூர் வாலிபருக்குக் கல்லின் படத்தையும் அதிலுள்ள வாசகத்தின் தமிழாக்கத்தையும் கொடுத்தனுப்பியிருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் கூட்டம். இருபது வருஷத்திற்கு முன் நாம் அந்தக் கதையைக் கேட்ட ஊரும் அதுதான். அங்கே மேடையேறியவுடன் முதலில் இதைத்தான் சொல்லப் போகிறோம்.